பெட்டியும் தோளும்

1956 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆந் திகதி, அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்னும் பழைய எண்ணெய்க் கப்பலொன்று ஹியூஸ்டன் நோக்கிப் புறப்பட்டது. அதன் மேற்றளத்தில் 58 பெட்டிகள் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றை அனுப்பிய மால்கம் மக்லீன் கப்பற்றொழிலில் வளர்ந்தவரல்லர்; வட கரோலினாவில் லொறி ஓட்டத் தொடங்கி, பின்னர் லொறிக் கம்பனி முதலாளியானவர். லொறியின் உடலைச் சக்கரத்தினின்றுங் கழற்றிக் கப்பலில் வைத்துவிட்டால், உள்ளிருக்கும் பண்டத்தைத் தொடவே வேண்டியதில்லை என்பது அவர் கண்ட உபாயம்.

அதுவரை நடந்த முறை யாது? சாக்கும் பீப்பாவும் மரப்பெட்டியும் ஒவ்வொன்றாக லொறியிலிருந்து இறக்கப்பட்டு, பண்டகசாலையிற் குவிக்கப்பட்டு, வலையிலிட்டுப் பாரந்தூக்கியால் உயர்த்தப்பட்டு, கப்பலின் அடித்தளத்தில் மீண்டுங் கையால் அடுக்கப்படும். கொக்கியேந்திய ஆட்கள் கூட்டங் கூட்டமாக உழைத்தும், கப்பல்கள் நாட்கணக்காகத் துறையிற் கட்டுண்டு கிடந்தன. இடையிற் சில மதுப்புட்டிகள் மறைந்துபோவதும் துறைமுகத்தார் யாவரும் அறிந்த இரகசியமே. கையால் ஏற்றுவதற்குத் தொன்னொன்றுக்கு ஏறக்குறைய 6 டொலர் சென்றது. ஐடியல் எக்ஸில் ஏற்ற 16 சதமே சென்றதாகக் கணக்கிட்டனர். இந்த வேறுபாட்டின் முன்னே எந்தத் தோள் நிற்கும்?

நில்லாது என்பதை முதலில் உணர்ந்தவருள் ஒருவர் ஹரி பிரிட்ஜஸ். அவுஸ்திரேலியாவிற் பிறந்த இவர், 1934 ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய மேற்குக்கரைத் துறைமுகத் தொழிலாளர் தலைவர். இயந்திரத்தைத் தடுக்க முயலாது, அதற்கு விலை பேசினார். 1960 இல் உண்டான ஒப்பந்தத்தின்படி முதலாளிமார் ஆண்டுதோறும் 5 மில்லியன் டொலர் நிதி வழங்க இசைந்தனர். பதிவுபெற்ற தொழிலாளர் வேலைநீக்கஞ் செய்யப்படார். முதியோர் கைநிறைந்த பணத்தோடு ஓய்வு பெறுவர். மாறாகச் சங்கம், இத்தனை பொருளுக்கு இத்தனை ஆள் என்ற பழைய விதிகளைக் கைவிட்டது. விவேகமான பேரமே, எனினும் அதன் முழுப்பயன் முதல் வகுப்பிற் பதிவுபெற்ற மூத்தோருக்கே கிட்டியது. நாட்கூலிக்கு வந்துபோனவர் வெறுங்கையராயினர். இளையோரின் மனக்குறை 1971 இல் நூறு நாளுக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தமாக வெடித்தது.

கிழக்கு லண்டனிலோ 1967 முதல் 1981 வரை பழைய கப்பற்றுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பெட்டிகள் ஆற்றின் முகத்தையடுத்த டில்பரிக்குச் சென்றன. துறையை நம்பிய உணவுச்சாலைக்கும் பட்டறைக்கும் எந்த ஒப்பந்தத்திலும் இடமிருக்கவில்லை.

முதற் பெட்டிகள் சென்றடைந்த அதே ஹியூஸ்டனுக்கும் டலசுக்கும் இடையே, 2025 ஆம் ஆண்டிற் சாரதியில்லா லொறிகள் சரக்கேற்றி ஓடத் தொடங்கின. சில வாரங்களுக்குள் லொறி செய்த கம்பனியின் வேண்டுகோளுக்கிணங்கி ஆசனத்தில் ஓராள் மீண்டும் அமர்த்தப்பட்டார். ஆனால் வண்டியை ஓட்டுவது அவர் வேலையன்று. அந்நாட்டுச் சட்டப்படி மனிதச் சாரதி 11 மணி நேரம் ஓட்டியபின் இளைப்பாறியே தீரவேண்டும். இயந்திரத்துக்கு உறக்கமில்லை, வழியில் உணவுமில்லை. மக்லீனின் பெட்டி வந்தபோது விலை பேசுதற்கு ஒரு சங்கமும் பதிவேடும் இருந்தன. இன்று அந்நாட்டின் நெடுந்தூரச் சாரதிகளிற் பெரும்பாலோர் எச்சங்கத்தையுஞ் சாராதவர். பலர் கடனுக்கு வாங்கிய லொறியைத் தாமே ஓட்டிப் பிழைப்பவர்.