லாவோகூனின் வலக்கை

பிள்ளைகளை அரும்பொருளகத்திற்கு அழைத்துச் சென்றவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். கிரேக்க, ரோமானியச் சிலைகள் நிற்கும் கூடத்திற்குள் நுழைந்ததும் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, "ஏன் இதுக்குக் கை இல்லை?" என்பதுதான். அதற்கு எப்படியோ பதில் சொல்லிவிடலாம். நிலநடுக்கம், போர், மதம் மாறிய காலத்துச் சிலை உடைப்பு, பளிங்கைச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக்கியது என்று காரணங்கள் பல இருக்கின்றன. பிள்ளை அதோடு விடுமா? "அப்போ ஏன் புதுக் கை செஞ்சு ஒட்டலை?" என்று அடுத்த கேள்வி வரும். இங்கேதான் பெரியவர்கள் விழிக்க வேண்டியிருக்கிறது.

நம் கோயில் மரபில் சிலை பின்னப்பட்டால் அது பூசைக்கு ஆகாது என்பார்கள். வேறு சிலை செய்து வைத்துவிடுவோம். வழிபடும் சிலைக்கு அந்த விதி போதும். யாரும் கும்பிடாத, பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் சிலை உடைந்து கிடந்தால் என்ன செய்வது? ஐரோப்பியர்கள் ஐந்நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு மாற்றி மாற்றிப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் பதில்கள் எல்லாம் ஒரே சிலையின் தோளில் பதிந்திருக்கின்றன. வத்திகான் அரும்பொருளகத்தில் இருக்கும் லாவோகூன் சிலைதான் அது.

கதை பலருக்கும் தெரிந்திருக்கலாம். டிராய் நகரத்துப் புரோகிதர் லாவோகூன். கிரேக்கர்கள் விட்டுச் சென்ற மரக் குதிரையை நகருக்குள் கொண்டுவராதீர்கள் என்று தடுத்தவர். கடலிலிருந்து வந்த இரண்டு பாம்புகள் அவரையும் அவருடைய இரு மகன்களையும் சுற்றி நெரித்துக் கொன்றன. உண்மையைச் சொன்னவருக்கு அந்தக் கதி. தந்தை நடுவில் திமிற, மகன்கள் இரு பக்கமும் சிக்கித் தவிக்க, மூவரையும் பாம்புகள் பின்னிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தைத்தான் சிற்பிகள் பளிங்கில் வடித்தார்கள்.

ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் இந்தச் சிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். டைட்டஸ் மன்னரின் மாளிகையில் இருந்ததாகவும், ரோட்ஸ் தீவைச் சேர்ந்த ஹகேசாண்டர், பாலிடோரஸ், அத்தனடோரஸ் ஆகிய மூவர் செய்ததாகவும் குறித்திருக்கிறார். ஒரே கல்லில் செதுக்கியது என்றும் சொன்னார். அது மட்டும் சரியில்லை. சிலையில் இணைப்புகள் இருக்கின்றன. அதன் பிறகு நூற்றாண்டுக் கணக்கில் சிலை மண்ணுக்குள் மறைந்துபோயிற்று. பெயர் மட்டும் ஏட்டில் இருந்தது.

1506ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, ரோம் நகரின் எஸ்குவிலைன் குன்றில், பெலிசே தெ பிரெடிஸ் என்பவரின் திராட்சைத் தோட்டத்தில் அது வெளிப்பட்டது. செய்தி போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸின் காதுக்கு எட்டியது. கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சங்காலோவை உடனே போய்ப் பார்க்கச் சொன்னார். சங்காலோ தம் வீட்டில் இருந்த மைக்கலேஞ்சலோவையும் கூட்டிக்கொண்டு போனார். சங்காலோவின் மகனும் உடன் சென்றான். சிறுவன். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, 1567இல், அன்று கண்டதை அவன் ஒரு கடிதத்தில் எழுதி வைத்தான். பள்ளத்தில் இறங்கிப் பார்த்த மாத்திரத்திலேயே தன் தந்தை, இது பிளினி சொன்ன லாவோகூன் என்று அடையாளம் கண்டுகொண்டதாக அதில் இருக்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு குறிப்பை மனத்தில் வைத்திருந்து, மண்ணுக்குள் கிடந்த கல்லோடு நொடியில் பொருத்திப் பார்த்திருக்கிறார் அந்த மனிதர்! படிப்பு என்றால் அதுவல்லவா படிப்பு.

போப்பாண்டவர் சிலையை வாங்கி வத்திகானில் நிறுத்தினார். அதையே வத்திகான் அரும்பொருளகத்தின் பிறப்பாகக் கருதுகிறார்கள். 2006இல் ஐந்நூறாவது ஆண்டு கொண்டாடினார்கள். தோட்டக்காரர் பெலிசேவுக்கு ரோம் நகர வாயில் ஒன்றில் வசூலாகும் சுங்கப் பணத்தில் பங்கு கிடைத்தது. அவருடைய கல்லறை அராச்செலி தேவாலயத்தில் இருக்கிறது. லாவோகூனைக் கண்டெடுத்தவர் என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது.

சிலை கிடைத்தபோது முழுதாக இல்லை. தந்தையின் வலக்கை முழுவதும் காணோம். இளைய மகனின் வலக்கை இல்லை. மூத்தவனின் வலது உள்ளங்கை இல்லை. பாம்பிலும் சில பகுதிகள் போயிருந்தன. மற்றவை இருக்கட்டும், தந்தையின் கை எப்படி இருந்திருக்கும் என்பதில்தான் ரோம் நகரத்துக் கலைஞர்களின் வாதம் சூடு பிடித்தது. 1510 வாக்கில் கட்டடக் கலைஞர் பிரமாந்தே சிற்பிகளுக்குள் ஒரு போட்டியே வைத்தாராம். நடுவர் வேறு யாருமில்லை, ஓவியர் ரஃபேல். வென்றவர் இளம் சிற்பி சான்சோவினோ. அவர் செய்த கை மேல்நோக்கி நீண்டிருந்தது. கை தலைக்குப் பின்னால் மடங்கித்தான் இருந்திருக்க வேண்டும் என்று மைக்கலேஞ்சலோ கருதியதாகச் சொல்வார்கள். ஆனால் அவர் கருத்து எடுபடவில்லை.

1532இல் மொந்தோர்சோலி என்ற சிற்பி சுடுமண்ணில் ஒரு கை செய்து பொருத்தினார். மைக்கலேஞ்சலோவிடம் வேலை செய்தவரே இவர். அப்படியிருந்தும் கையை இன்னும் நேராக, வானத்தை நோக்கி நீட்டி வைத்துவிட்டார். பார்ப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. பாம்பைப் பிடித்து உயர்த்தி, விதியோடு மல்லுக்கட்டும் வீரனைப்போல் லாவோகூன் மாறிவிட்டார். ஐரோப்பா அந்தக் கையோடுதான் அவரை அறிந்தது. ஓவியங்கள், அச்சுப் படங்கள், சுண்ணச் சாந்தில் வார்த்த நகல்கள் எல்லாவற்றிலும் அந்த நீண்ட கை பரவியது.

ஜெர்மானிய அறிஞர் விங்கல்மான் 1755இல் இந்தச் சிலையைப் பாராட்டி எழுதினார். உடல் துடித்தாலும் உள்ளம் நிலைகுலையாத பெருமிதம் இதில் தெரிகிறது என்பது அவர் கருத்து. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரை வெளிவந்தபோது அவர் ரோம் நகரில் காலடி வைத்திருக்கவில்லை. 1766இல் இந்தச் சிலையின் பெயரிலேயே ஒரு நூல் எழுதி, கவிதைக்கும் சிற்பத்துக்கும் உள்ள எல்லை என்ன என்று ஆராய்ந்த லெஸ்ஸிங்கும் அதற்கு முன் இத்தாலிக்குப் போனதில்லை. அசலைக் காணாமலேயே எழுதிய நூல்கள் ஐரோப்பாவின் கலைச் சிந்தனையைத் திருப்பிப் போட்டன. அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அக்காலத்துப் படங்களிலும் நகல்களிலும் எல்லாரும் கண்ட லாவோகூனின் கை லாவோகூனுடையது அல்ல.

நெப்போலியன் இத்தாலியை வென்றபோது சிலையும் பாரிஸ் போயிற்று. 1798இல் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். குறைந்த உறுப்புகளைச் செய்து தரும்படி அங்கே சிற்பிகளுக்குப் போட்டி அறிவித்தார்கள், ஒருவரும் முன்வரவில்லை! நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1816இல் சிலை ரோம் திரும்பியது. கொண்டுபோன கலைப்பொருள்களை மீட்டுவரப் போப்பாண்டவர் அனுப்பிய ஆள், அக்காலத்தின் தலைசிறந்த சிற்பி கனோவா.

இந்தக் கனோவாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிலிலிருந்து சிற்பங்களைப் பெயர்த்தெடுத்த எல்ஜின் பிரபு, அவற்றைச் செப்பனிட்டுத் தரும்படி 1803இல் கனோவாவைக் கேட்டார். கனோவா மறுத்துவிட்டார். அவற்றின் மேல் உளி வைப்பது தெய்வக் குற்றம் என்பது அவர் நிலை. கூலியும் புகழும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது "என்னால் இதைத் தொட முடியாது" என்று சொல்ல எத்தனை கலைஞர்களுக்கு மனம் வரும்?

அதே ரோம் நகரில் அவருக்குப் போட்டியாக இருந்த டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் அப்படி நினைக்கவில்லை. 1811இல் கிரேக்கத்தின் ஏஜினா தீவுக் கோயிலிலிருந்து போர்வீரர் சிலைகள் கிடைத்தன. பவேரிய இளவரசர் லூட்விக் அவற்றை ஏலத்தில் வாங்கி, ரோமுக்கு அனுப்பினார். தோர்வால்ட்சன் அவற்றுக்குத் தலை, கை, கால் எல்லாம் புதிதாகச் செய்து கொடுத்தார். எது பழையது, எது நீங்கள் செய்தது என்று கேட்டபோது, எனக்கே தெரியவில்லை என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1830இல் மியூனிக் நகரில் திறக்கப்பட்ட கிளிப்டோதெக் அரும்பொருளகத்தில் அந்தச் சிலைகள் முழு உருவத்தோடு நின்றன. 1960களில் அதன் இயக்குநர் டீட்டர் ஓலி, தோர்வால்ட்சன் சேர்த்தவற்றையெல்லாம் கழற்றிவிட்டார். இன்று அங்கே போனால் கையில்லாத வீரர்களைத்தான் பார்க்கலாம். அசல் மட்டும் போதும் என்பது சரியான முடிவுதான் என்று எனக்கும் படுகிறது. ஆனாலும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பார்த்த தோர்வால்ட்சனின் வேலையும் வரலாறுதானே என்று வருந்தியவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

துண்டுகள் எல்லாம் கையில் இருந்தால் கதை வேறு. நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகத்தில் 2002 அக்டோபர் 6ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். வெனிஸ் சிற்பி துல்லியோ லொம்பார்தோ 1490களில் செதுக்கிய ஆதாம் சிலை, ஒட்டுப்பலகையால் செய்த பீடம் நொறுங்கியதால் கீழே விழுந்தது. 28 பெரிய துண்டுகள், நூற்றுக்கணக்கான சிறு துண்டுகள். ஓரிரு ஆண்டில் முடியும் என்று எண்ணிய வேலை 12 ஆண்டுகள் பிடித்தது. 2014 நவம்பரில் ஆதாம் மீண்டும் எழுந்து நின்றான். பின்னாளில் வேண்டுமென்றால் கழற்றிவிடக்கூடிய பசையைத்தான் பயன்படுத்தினார்கள். நாளைக்கு வருகிறவன் நம்மைவிட அதிகம் அறிந்தவனாக இருக்கலாம் என்ற அடக்கம் அந்தப் பசையில் இருக்கிறது. மொந்தோர்சோலியின் காலத்தில் அந்த எண்ணமே இல்லை.

மறுபடி லாவோகூனுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோம் நகரில் ஒரு கல்தச்சரின் பட்டறையில், மடங்கிய பளிங்குக் கை ஒன்று லுட்விக் போலாக் என்பவரின் கண்ணில் பட்டது. பிராக் நகரில் 1868இல் பிறந்த யூதர். தொல்பொருள் அறிஞர், பழம்பொருள் வணிகமும் செய்தவர். உடைந்த கற்களுக்கு நடுவே கிடந்த ஒரு கையைப் பார்த்ததும் அவருக்கு லாவோகூன் நினைவுக்கு வந்தார். சங்காலோவுக்கு இருந்த அதே கண் என்றுதான் சொல்ல வேண்டும். அசலைவிடச் சற்றுச் சிறியதாகத் தோன்றியதால், இது பழங்காலத்து நகல் ஒன்றின் கையாக இருக்கும் என்று கருதினார். விற்றிருந்தால் நல்ல விலை போயிருக்கும். அவர் விற்கவில்லை. 1906இல் வத்திகானிடம் கொடுத்துவிட்டார். அது அங்கே அரை நூற்றாண்டு சும்மா கிடந்தது.

1957இல் வத்திகான் வல்லுநர் பிலிப்போ மாஜி சிலையைப் பிரித்து ஆராயத் தொடங்கினார். போலாக் கொடுத்த கை நகலுடையது அல்ல, லாவோகூனுடையதே என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் அதை நேராகத் தோளோடு பொருத்த முடியவில்லை. முன்பு செய்த திருத்தங்களுக்காகத் தோளில் ஒரு பகுதியைச் செதுக்கி எடுத்திருந்தார்கள். தவறான கை தானும் பொய் சொன்னது. உண்மையான கை வந்து உட்காரும் இடத்தையும் அழித்திருந்தது. நல்லவேளையாக, தோளில் பழங்காலத்தில் துளைத்த ஓட்டை ஒன்றும் கையில் இருந்த ஓட்டையும் ஒரே கோட்டில் அமைந்தன. அந்த ஓட்டை மட்டும் இல்லாவிட்டால் வாதம் இன்னும் ஓய்ந்திருக்காது. கை ஏறியது. மகன்களுக்குப் பிற்காலத்தில் ஒட்டியிருந்த உறுப்புகள் அகற்றப்பட்டன. அவர்கள் இன்றும் குறையோடுதான் இருக்கிறார்கள்.

கை மடங்கியதும் சிலையே மாறிவிட்டது. வானத்தை எட்டிய வீரன் போய்விட்டான். பாம்பின் பிடியில் கை தலைக்குப் பின்னால் இழுபட, வலி முழுவதும் உடம்புக்குள்ளேயே சுருண்டு நிற்கும் ஒரு தகப்பன்தான் அங்கே இருக்கிறான். மைக்கலேஞ்சலோ ஊகித்ததாகச் சொல்லப்படுவது 400 ஆண்டுகளுக்கு மேல் கழித்து மெய்யாயிற்று.

அதைக் காணப் போலாக் உயிரோடு இல்லை. 1943 அக்டோபர் 16ஆம் தேதி, ஜெர்மானியப் படையினர் ரோம் நகரில் வீடு வீடாகப் புகுந்து யூதர்களைப் பிடித்தார்கள். அப்போது அவருக்கு 75 வயது. மனைவியோடும் பிள்ளைகள் இருவரோடும் அவரைக் கொண்டுபோனார்கள். அன்று பிடிபட்டு ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ரயிலில் ஏற்றப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். திரும்பி வந்தவர்கள் 16 பேர். போலாக் குடும்பத்தில் ஒருவரும் திரும்பவில்லை. சிலையைக் கண்டெடுத்த பெலிசேவுக்குக் கல்லறை இருக்கிறது, கல்வெட்டும் இருக்கிறது. கையைக் கண்டெடுத்தவருக்குக் கல்லறை கிடையாது.

ஐரோப்பியச் சுற்றுலாவுக்குப் போகும் நம்மவர்கள் வத்திகானில் சிஸ்டைன் தேவாலயத்தைப் பார்க்கத்தான் அவசரப்படுவார்கள். போகும் வழியில் எண்கோண வடிவில் ஒரு முற்றம் வரும். லாவோகூன் அங்கேதான் இருக்கிறார். எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் வலத் தோளைப் பாருங்கள். கையும் தோளும் கூடும் இடத்தில் அந்த இணைப்புத் தெரியும்.