பலாங்கொடைக் கல்லும் சமதானிக் கொள்கையும்

பதுளையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை வழியாகத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து மேற்கே இறங்குவோர் பலாங்கொடையை அடைவர். ஊவாவின் எல்லைக்கு அப்பால், சப்பிரகமுவ மாகாணத்திலுள்ள அப்பகுதியிற் கிடைத்த கனிப்பொருளொன்று அணு விஞ்ஞான வரலாற்றில் நிலையான இடம் பெற்றுள்ளது. கதிர்த்தொழிற்பாடு என்றதும் ஐரோப்பிய ஆய்வுகூடங்களையே எண்ணிப் பழகிய நமக்கு இது சிந்திக்கத்தக்க செய்தியாகும்.

ஆனந்த குமாரசுவாமியை (1877–1947) நாம் கலை வரலாற்றறிஞராகவே அறிவோம். ஆயின் அவர் இலண்டனிற் புவிச்சரிதவியல் பயின்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர். 1904இல் தமக்குக் கிடைத்த பாரமான கருநிறப் பளிங்குகளை அவர் யுரேனியக் கனிப்பொருளெனக் கருதினார். இலண்டனில் அவற்றைப் பகுத்தாய்ந்த டன்ஸ்டன், பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டே எனக் கண்டு, 'தோரியனைற்று' எனப் பெயரிட்டார்.

மறு ஆண்டில், இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய இளைஞரான ஒட்டோ ஹான், அக்கனிப்பொருளிலிருந்து பெற்ற உப்பில் புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளொன்றைக் கண்டார். அதனை 'ரேடியோதோரியம்' என அழைத்தார். அதனைத் தோரியத்திலிருந்து இரசாயன முறையாற் பிரிக்கப் பின்னர் முயன்றோர் தோல்வியுற்றனர். அத்தோல்வியே ஓர் உண்மையை உணர்த்திற்று. கிளாஸ்கோவிலிருந்த சொடி 1913இல், இரசாயன இயல்பால் ஒன்றாகவும் அணுநிறையால் வேறாகவும் உள்ளவற்றைச் சமதானிகள் என வகுத்தார். இலங்கைத் தோரைற்றிலிருந்து பெற்ற ஈயம் சாதாரண ஈயத்தினும் அணுநிறை கூடியது என்று 1914இல் அவர் வெளியிட்ட முடிவு, அக்கொள்கைக்கு வலுவான சான்றாயிற்று. இன்று ரேடியோதோரியம் என்பது தோரியம்-228 என்னும் சமதானியே என அறிவோம்.

அக்காலத்து ஆய்வாளர் இப்பொருள்களை வெறுங்கையாலேயே கையாண்டனர். மேரி கியூரி 1934இல் குருதிச்சோகை நோயால் இறந்தமைக்கு நெடுங்காலக் கதிர்வீச்சே காரணம் எனக் கருதப்படுகிறது. இன்றைய ஆய்வுகூட ஒழுங்குகள் இத்தகைய அனுபவங்களின் பயனாகும். தோரியம் வெளிவிடும் அல்பாக் கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். ஆயின் தூசாக உடலினுட் புகுந்தால் அதுவே பெருந்தீங்கு விளைக்கும். ஆதலினாலேயே ஆய்வுகூடத்தில் உண்ணலும் பருகலும், குழாயை வாயால் உறிஞ்சலும் விலக்கப்பட்டன. ஊடுருவும் காமாக் கதிருக்கோ நேரத்தைக் குறைத்தல், தூரத்தைக் கூட்டல், ஈயத்தால் மறைத்தல் என்னும் மூன்றும் காப்பாகும். தூரம் இரு மடங்காயின், சிறு மூலமொன்றிலிருந்து பெறும் கதிர்வீச்சு நான்கிலொன்றாகும். இலங்கையில் 1969ஆம் ஆண்டின் அணுசக்தி அதிகாரசபைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2014ஆம் ஆண்டின் சட்டம், ஒழுங்குபடுத்தலுக்கெனத் தனிப் பேரவையை அமைத்தது.

கல் நம் மலைச்சாரலுக்குரியது. அதனை அளந்த தராசோ கடல்கடந்து இருந்தது. அறிவு பொருள் விளையும் இடத்திலன்றி ஆய்வுகூடம் நிற்கும் இடத்திலேயே வளர்கின்றது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியது நற்பேறே. எனினும் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லாதவரை, அதன் வாயில் தோட்டப் பிள்ளைகளுக்கு முழுதும் திறந்ததாகாது. கரும்பலகையிற் படித்த சமதானியைக் கருவி கொண்டு, உரிய காப்புடன் அறியும் வாய்ப்பு அவர்களுக்கும் உரியதன்றோ?