பின் ஃபாக் லைட்: எரியவைக்க வந்த சட்டமும் அணைக்க வந்த சட்டமும்

காரின் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்குகளைப் பற்றிச் சட்டம் பொதுவாகச் சொல்வது ஒன்றுதான்: எரிய வேண்டிய நேரத்தில் எரியணும். டெயில் லைட் எரியலன்னா குற்றம், பிரேக் லைட் எரியலன்னா குற்றம். ஒரே ஒரு விளக்குக்கு மட்டும் இது தலைகீழ். பின்பக்க ஃபாக் லைட்டைத் தேவையில்லாமல் எரியவிட்டால் குற்றம். ஐரோப்பாவில் புதுக் கார் ஒவ்வொன்றிலும் அது கட்டாயம் இருக்கணும். ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அதைப் போடவே கூடாது.

மாட்டியே ஆகணும், ஆனால் போடக்கூடாது. இந்த விசித்திரம் எப்படி வந்தது என்று தேடிப்போனால், ஐம்பது அறுபது வருஷச் சாலை வரலாறு ஒன்று கிடைக்கிறது.

பிரிட்டனில் எம்1 நெடுஞ்சாலை 1959 நவம்பரில் திறக்கப்பட்டது. குறுக்குச் சாலை கிடையாது, சிக்னல் கிடையாது, எதிரே வண்டி வராது. எல்லோரும் ஒரே திசையில் வேகமாகப் போகலாம். பழைய சாலைகளில் மூடுபனி என்றால் வண்டிகள் ஊர்ந்து போகும். புதுச் சாலையில் அந்தப் பயம் விட்டுப்போயிற்று. 1971 செப்டம்பர் 13 அன்று எம்6 சாலையில் தெல்வால் பாலத்தின் மேல், மூடுபனிக்குள் சுமார் 200 வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக மோதின. 10 பேர் செத்துப்போனார்கள். முன்னால் போன வண்டி கண்ணுக்குத் தெரிந்தபோது பிரேக் போட இடம் மிச்சமில்லை.

டெயில் லைட் எரிந்துகொண்டுதானே இருந்திருக்கும் என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அன்றைய விதிப்படி டெயில் லைட்டின் ஒளிச்செறிவு 4 முதல் 12 கேண்டெலா வரைதான். ஒரு கேண்டெலா என்பதை ஒரு மெழுகுவத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் பத்து மெழுகுவத்தி தாராளம். ஆனால் மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். அவை விளக்கின் ஒளியையும் சிதறடிக்கும், பகல் வெளிச்சத்தையும் சிதறடிக்கும். பகலில் முன்னால் ஒரு வெள்ளைத் திரை தொங்குகிற மாதிரி இருக்கும். அதில் பத்து மெழுகுவத்தி கரைந்துபோகும்.

அதனால் பலமான சிவப்பு விளக்கு ஒன்று வேணும் என்று முடிவானது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1977இல் இதற்கு ஒரு நெறிமுறை வெளியிட்டது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1978இல் 38ஆம் எண் விதியைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 1980 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களில் பின் ஃபாக் லைட் கட்டாயம். அளவு 150 முதல் 300 கேண்டெலா. டெயில் லைட்டைப் போல இருபது மடங்குன்னு சொல்லலாம்.

இருபது மடங்கு வெளிச்சம் என்றால் இருபது மடங்கு தூரம் தெரியுமா? தெரியாது. சுத்தமான காற்றிலேயே நாலரை மடங்குதான் கூடும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறைவது ஒரு காரணம். மூடுபனியில் அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பங்கு ஒளி போய்க்கொண்டே இருக்கும். 50 மீட்டர் மட்டும் தெரிகிற பகல் மூடுபனியில் கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு மடங்கு தூரத்தைத் தாண்டுவதே கஷ்டம். ஏறக்குறைய 30 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிறவருக்கு அது ஒன்றரை நொடிகூட இல்லை. ஆனால் அந்த ஒன்றரை நொடிக்குள்தான் கால் பிரேக்குக்குப் போகணும். அதற்காகவே இந்த விளக்கு.

இதன் விலை என்ன? பனி இல்லாத இடத்தில் அதே 300 கேண்டெலா நேராகப் பின்னால் வருகிறவர் கண்ணில் குத்தும். அதைவிடப் பெரிய சிக்கல், இது பிரேக் லைட் மாதிரியே இருக்கிறது. அதே சிவப்பு, கிட்டத்தட்ட அதே பிரகாசம். ஃபாக் லைட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், பிரேக் போடும்போது பின்னால் இருப்பவருக்குப் புதுசா ஒன்றும் தெரியாது. மோதலைத் தடுக்க வந்த விளக்கு, தெளிந்த வானிலையில் மோதலுக்கு வழிபண்ணும்.

இது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. பிரேக் லைட்டிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளித்தான் இதை வைக்கணும் என்றார்கள். இரண்டு வேண்டாம், ஒன்றே போதும் என்றும் அனுமதித்தார்கள். ஒன்று மட்டும் என்றால் அது நடுவிலோ, சாலையின் மையத்தை ஒட்டிய பக்கத்திலோ இருக்கணும். சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பாக எரிவதைப் பார்த்து, மறுபக்க பல்பு போயிடுச்சுன்னு நினைப்பவர்கள் உண்டு. பல்பு போகவில்லை, அமைப்பே அப்படித்தான். ஹெட்லைட்டோ முன் ஃபாக் லைட்டோ எரியாமல் இதைத் தனியாகப் போட முடியாது. போட்டால் டாஷ்போர்டில் மஞ்சள் குறியீடு எரியணும். மனுஷன் மறந்துடுவான் என்று சட்டமே ஒத்துக்கொண்ட விளக்கு இது.

எப்போது போடலாம் என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனின் ஹைவே கோட், பார்வை பெரிதும் குறைந்தால் மட்டும் என்கிறது; பொதுவாக 100 மீட்டருக்கு மேல் தெரியாதபோது. காரணம் பனியா மழையா என்று பார்ப்பதில்லை. பிரான்ஸில் மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் போடலாம், மழையில் கூடாது. நனைந்த கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் அந்தச் சிவப்பை வாங்கிச் சிதறடிப்பதை, மழையில் ஓட்டியவர்கள் பார்த்திருப்பார்கள். ஜெர்மனிதான் ரொம்பக் கறார்: மூடுபனி மட்டும், அதுவும் 50 மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால் மட்டும்.

50 மீட்டரை ஓட்டிக்கொண்டே எப்படி அளப்பது? ஜெர்மன் சாலையோரத்தில் வெள்ளைக் கம்பங்கள் நிற்கும், சாதாரணமாக 50 மீட்டருக்கு ஒன்று. அடுத்த கம்பம் தெரியவில்லையா, போடு. தெரிகிறதா, அணை. இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பார்வை 50 மீட்டருக்குக் கீழே போனால் அங்கே வேக வரம்பும் மணிக்கு 50 கிலோமீட்டர்தான். ஆக ஃபாக் லைட்டைப் போட்டுக்கொண்டு 100இல் போகிறவர் ஏதோ ஒரு விதியை நிச்சயம் மீறுகிறார். பனி இருக்கிறது என்றால் வேகம் தப்பு. இல்லை என்றால் விளக்கு தப்பு.

வேகத்தையும் விளக்கையும் சேர்த்துக் கட்டியதில் அர்த்தம் இருக்கிறது. 1990 அக்டோபர் 19 அன்று, ஜெர்மனி ஒன்றாகி 16 நாளில், பவேரியாவில் ம்யூன்ஷ்பெர்க் அருகே ஏ9 சாலை இறங்கும் பள்ளமான பகுதியில் மூடுபனி திடீரென்று அடைத்தது. சுமார் 170 வண்டிகள் மோதின. 10 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள். 1991 ஜனவரி 1 முதல் பதிவாகும் கார்களுக்கு ஜெர்மனியில் பின் ஃபாக் லைட் கட்டாயமாயிற்று. ஆனால் அந்தப் பள்ளத்தின் ஆபத்தைப் போக்க விளக்கை மட்டும் நம்பவில்லை. பின்னாளில் பள்ளத்துக்கு மேலே பாலம் கட்டிச் சாலையையே உயர்த்தினார்கள்.

ஏனென்றால் மூடுபனியில் ஏமாற்றுவது நம் கண்ணும்தான். 1998இல் நேச்சர் இதழில் வந்த கார்டிஃப் ஆய்வு ஒன்று, பனி அடர்த்தியாக ஆக நாம் மெதுவாகப் போவதாக மூளை நினைக்கிறது, அதனால் வேகத்தைக் கூட்டுகிறோம் என்று காட்டியது. 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் செயற்கை மூடுபனி அறையில் சோதித்தபோது, முன்னால் இருக்கும் வண்டியின் பின்விளக்குகள் இருக்கும் தூரத்தைவிடச் சராசரியாக 60 சதவீதம் தள்ளித் தெரிந்தன. ஒரே ஒரு ஃபாக் லைட் என்றால் ஏமாற்றம் இன்னும் அதிகம். பிரேக்கோடு குழப்பம் வராமலிருக்க ஒரு விளக்கு நல்லது. தூரம் கணிக்க இரண்டு நல்லது. இரண்டையும் ஒரே விளக்கால் சாதிக்க முடியவில்லை.

நடைமுறைக்கு இவ்வளவு போதும். மழை, இருட்டு, லேசான பனி, இதற்கெல்லாம் ஹெட்லைட் போட்டாலே டெயில் லைட்டும் சேர்ந்து எரியும்; அது போதும். முன்னால் 50 மீட்டர், அதிகபட்சம் 100 மீட்டர் தெரியாத அளவுக்குப் பனி அடைத்தால் ஃபாக் லைட்டைப் போடுங்க, கூடவே வேகத்தையும் குறைங்க. பனி விலகியதும் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் குறியீடு இன்னும் எரியுதான்னு ஒரு தடவை பாருங்க. அதை அணைத்தால்தான் உங்க பிரேக் லைட் பின்னால் வருகிறவருக்குச் சரியாகத் தெரியும்.