கோடை நண்பகலும் துப்பறியும் நாவலும்

வேனிற் காலத்தையும் நண்பகற் பொழுதையும் பாலைத் திணைக்கு உரியனவாக வகுத்தனர் முன்னோர். பிரிந்து சென்றவரை எதிர்நோக்கும் நெஞ்சின் தவிப்பே அத்திணைப் பாடல்கள் பலவற்றின் உயிராகும். கத்திரி வெயிலில் தெரு அடங்க, கதவை ஒருக்களித்துச் சாத்தி, கூடத்துத் தரையில் பனையோலை விசிறியோடு வீடு ஒடுங்கிக் கிடக்கும் அந்தப் பொழுதில், இருபதாம் நூற்றாண்டுத் தமிழர் மற்றுமொரு காத்திருத்தலைப் பழகிக்கொண்டனர். குற்றவாளி யார் என்னும் விடைக்கான காத்திருத்தல் அது. அதனைப் பழக்கியது துப்பறியும் நாவல்.

பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தலைவனாக்கி எழுதிய நூல் 1894இல் வெளிவந்தது. தமிழில் இவ்வகைக்குக் கால்கோள் இட்ட நூல்களுள் அது ஒன்று. 1908இல் ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' தோன்றியது. துப்பறியும் கோவிந்தன் தமிழ் வாசகருக்கு அறிமுகமானது அதன் வழியேதான். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில நாவலாசிரியர்களின் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் (1880–1942) 'மேனகா' முதலிய நாவல்களாலும், திகம்பர சாமியார் என்னும் பாத்திரத்தாலும் பெரும்புகழ் எய்தினார்.

துறவியே துப்பறிவாளராவது புதுமை போலத் தோன்றும். ஆயினும், ஒற்றர் துறவு வேடம் பூண்டும் உளவறிவர் என்பதைத் திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல் உணர்த்துகிறது. மேனாட்டிலிருந்து வந்த வடிவம் தமிழ் மண்ணில் வேர்கொண்ட விதத்துக்கு இஃது ஒரு சான்று. 1950இல் அப்பாத்திரம் திரைக்கு வந்தபோது எம்.என்.நம்பியார் பல வேடங்களில் தோன்றி நடித்தார்.

இந்நாவல்களின் குற்றங்கள் பெரும்பாலும் நிகழ்ந்த இடம் எது? வீடுதான். பொருந்தா மணம், சொத்துச் சூழ்ச்சி, புகுந்த வீட்டில் பெண் படும் வஞ்சனை ஆகியவையே அவற்றின் முடிச்சுகள். 'மேனகா'வும் அத்தகைய வஞ்சனைக்கு ஆளான பெண்ணின் கதையே. அடுக்களை வேலை ஓய்ந்த நண்பகலில் அந்நூலைப் பிரித்த பெண், தன்னைச் சூழ்ந்த சுவர்களுக்குள்ளேயே மறைபொருள் ஒன்று இருப்பதைக் கண்டாள். ஓசையோடு பலர் கூடிப் படித்த மரபு தனித்த மௌன வாசிப்பாக மாறிய வரலாற்றை ஆ.இரா.வேங்கடாசலபதி தம் 'நாவலும் வாசிப்பும்' நூலில் ஆராய்ந்துள்ளார். எவரும் அறியாமல் ஐயுறவும் வினவவும் ஒருத்திக்கு இடமளித்தது அந்த மௌனமே. பாண்டியன் ஆராயாது அளித்த தீர்ப்பின் துயரத்தைக் காப்பியமாகப் பெற்ற தமிழுக்கு, ஆராய்தலையே கதையாக்கிய இவ்வடிவம் அயலானதன்று.

இவற்றில் குறைகள் இல்லாமல் இல்லை. கடன்பெற்ற கதைகள் பல. நம்புதற்கரிய தற்செயல்கள் அவற்றினும் பல. தாசியரையும் பிற சமயத்தாரையும் எளிதிற் குற்றவாளிகளாகக் காட்டும் போக்கும் உண்டு. இவற்றை மறைப்பது வரலாறாகாது. ஆனால் குறைகளை மட்டும் கூறி ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதும் வரலாறாகாது.

1940களில் தேவன் படைத்த சாம்பு, அசட்டுத்தனத்தாலேயே வெற்றி பெறும் துப்பறிவாளன். ஒரு வடிவத்தைக் கேலி செய்து சிரிக்க வேண்டுமாயின், வாசகர் அதன் இலக்கணத்தை முன்பே அறிந்திருத்தல் வேண்டும். ஏறத்தாழ அரை நூற்றாண்டில் தமிழ் வாசகர் அவ்வளவு தேர்ந்திருந்தனர் என்பதற்குச் சாம்புவே சான்று. தமிழ்வாணனின் சங்கர்லாலும், 1968இல் 'நைலான் கயிறு' வழியே வந்த சுஜாதாவின் கணேஷும் அந்தத் தேர்ச்சியின்மேல் எழுந்தவர்கள்.

கவிதையும் வாசகரிடம் வேண்டுவது, சொல்லப்படாததைத் தேடும் பொறுமையைத்தான். குறிப்புப் பொருளை உய்த்துணரும் வாசகர் வானிலிருந்து இறங்கி வருவதில்லை. அவருள் ஒருவர், ஏதோ ஒரு கோடையில், தாள் பழுத்த துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தை முன்னரே புரட்டிப் பார்க்காமல் தம்மை அடக்கிக்கொண்டவராக இருக்கலாம். அவரை உருவாக்கிய எழுத்துக்கு இலக்கிய வரலாற்றில் உரிய இடம் தருவது கருணையன்று, கடன்.