தஞ்சை மன்னரும் சுவார்ட்ஸ் ஐயரும்: நிபந்தனையற்ற அன்பின் ஒரு வரலாற்றுச் சான்று

ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலோரமாக வடக்கே செல்வோர், மல்லிப்பட்டினத்தருகே மனோரா என்னும் கோபுரத்தைக் காண்பர். நெப்போலியன்மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றியின் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-இல் எழுப்பியது அது. அம்மன்னர் அமைத்த வேறொரு நினைவுச்சின்னம் தஞ்சை சிறிய கோட்டை ஆலயத்தில் உண்டு. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் சலவைக்கல்லில் செதுக்கிய அச்சிற்பத்தில், மரணப்படுக்கையிலுள்ள முதிய போதகரின் கரத்தை மன்னர் பற்றி நிற்கிறார். முன்னது படைபலத்துக்குச் செய்த மரியாதை. பின்னது அன்புக்குச் செய்த மரியாதை. அப்போதகர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர். மன்னரோ இறுதிவரை கிறிஸ்தவராகவில்லை.

1726-இல் பிறந்து, ஹாலேயில் கற்று, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சுவார்ட்ஸ், 1778 முதல் தஞ்சையில் தங்கி ஊழியம் செய்தார். 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு தொடங்கியபின் பஞ்சம் நாட்டை வாட்டியது. முன்னரே அவர் வாங்கிச் சேமித்திருந்த நெல், சமயவேறுபாடின்றிப் பசித்தோருக்கு உணவாயிற்று. கோட்டைக்குள் தானியம் தீர்ந்தபோது, பலமுறை ஏமாற்றப்பட்டிருந்த குடியானவர்கள் அரசின் வாக்கை நம்ப மறுத்தனர். ஐயரின் வாக்கை நம்பினர். 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. அவரும் உரிய விலையைத் தவறாமல் கொடுத்துத் தீர்த்தார்.

1787-இல் மன்னர் துளஜாஜி தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை ஐயரின் பாதுகாப்பில் ஒப்புவிக்க விரும்பினார். மன்னர் மறைந்தபின் அரியணையேறிய அமர்சிங்கின் ஆட்சியில் சிறுவன் புறக்கணிக்கப்பட்டான். ஐயர் இடைவிடாது முயன்று அவனுக்குக் கல்வியும், 1793-இல் சென்னையில் அடைக்கலமும் கிடைக்கச் செய்தார். 1798 பிப்ரவரி 13-இல் ஐயர் மறைந்தார். அதே ஆண்டில் சரபோஜி முடிசூடினார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்ததும், 1803-இல் பெரிய கோவிலில் தம் குலவரலாற்றைக் கல்லில் பொறிப்பித்ததும் அம்மன்னரே.

இதனை அருட்பணியின் தோல்வி என்று கூறுவாருண்டு. அக்கூற்று அன்பை வாணிபமாக்குகிறது. ஐயர் தம் விசுவாசத்தை மறைத்தவரல்லர். துளஜாஜியிடமே நற்செய்தியைத் துணிந்து கூறியவர். ஆயினும், அதனை ஏற்றால்தான் அன்பு என்று அவர் எவருக்கும் நிபந்தனை விதிக்கவில்லை. சாட்சியம் அன்பின் கடமை. பலன் அன்பின் விலையன்று.

எனினும், இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஐயர் கும்பினியாரின் ஆதரவோடு பணிபுரிந்தவர். 1779-இல் அவர்கள் அனுப்பிய சமாதானத் தூதராக ஹைதரிடம் சென்றார். மறு ஆண்டே போர் மூண்டது. அவர் காத்து வளர்த்த சரபோஜி, 1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துக் கோட்டையளவில் மட்டும் மன்னராயிருக்க நேர்ந்தது. தூய அன்பையும் அதிகாரம் தன் கருவியாக்கிக்கொள்ளும். நிபந்தனை நம் உள்ளத்தில் இல்லாதிருப்பது மட்டும் போதாது. நம்மை அனுப்புகிறவரும் நமக்குப் பொருள் தருகிறவரும் மறைமுகமாக விதிக்கும் நிபந்தனையையும் நாம் கண்டறிதல் வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் இக்கடற்கரை மாவட்டங்களைச் சிதைத்தது. ஜெகதாப்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே கடலை நம்பி வாழ்கின்றனர். இத்தகைய வேளைகளில் திருச்சபை எழுதும் நிவாரணப் பட்டியலில் முதற்பெயர் யாருடையது? சபை அங்கத்தினருடையதா, அதிகம் இழந்தவருடையதா? அரிசிப் பையுடன் நாம் எதிர்பார்ப்பையும் சேர்த்துக் கட்டுகிறோமா? நல்ல சமாரியனின் உவமையில், காயமுற்றவன் பின்னர் எந்த ஆலயத்துக்குச் சென்றான் என்று ஆண்டவர் கூறவில்லை. போதகராகப் போகிறவர்கள் அந்த மௌனத்தைத் தியானிப்பார்களாக.