அன்றே வீடு திரும்பும் ரண சிகிச்சை

ரண சிகிச்சை என்றாலே நாள்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கிடப்பதுதான் விதி என்று வைத்திய உலகம் நம்பியிருந்த காலத்தில், ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரின் குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வெளிநோயாளர் பிரிவில், ஜேம்ஸ் நிக்கோல் என்னும் வைத்தியர், பத்தாண்டுகளில் 8,988 சிகிச்சைகளைச் செய்து, குழந்தைகளை அன்றைக்கே தாயோடு வீட்டுக்கு அனுப்பிவைத்த விவரத்தை 1909-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிளவுபட்ட உதடும், குடலிறக்கமும், வளைந்த பாதமும் அவற்றுள் அடங்கும். பால்குடிக்கும் சிசுவைத் தாயிடமிருந்து பிரிப்பதே தீங்கு என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். ஆகவே தாதியர் வீடுதேடிச் சென்று காயத்தைக் கவனித்தனர்.

இவ்வாறு அன்றைக்கே வீட்டிலிருந்து வந்து திரும்புபவருக்கு முன்னேற்பாடே பிரதானம்; அதில் ஒன்று உபவாசம். மயக்கத்தில் இரைப்பையிலுள்ளது மேலெழுந்து நுரையீரலில் இறங்கினால் பிராணாபாயம் நேரக்கூடும் என்பதை, பிரசவ வேளையில் அவ்வாறு துன்புற்ற 66 பெண்களின் நிலையை ஆராய்ந்து, நியூயார்க் வைத்தியர் கர்டிஸ் மெண்டல்சன் 1946-இல் விளக்கிய பிறகு, நள்ளிரவு முதல் நீரும் அருந்தாத உபவாசம் பல ஆஸ்பத்திரிகளில் நியமமாக வேரூன்றிற்று; ஆரோக்கியமான நோயாளிகள் தெளிந்த நீரை, மயக்க மருந்து தருவதற்கு இரண்டு மணி நேரம் முன்வரை அருந்தலாம் என்று 1999-இல் அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் சங்கம் அக்கடுமையைத் தளர்த்தியது.

விதிகள் மாறினும், காரணம் அறிந்து நோயாளி தன்னை ஆயத்தம் செய்துகொள்வதே சிகிச்சையின் முதல் அங்கம் என்னும் உண்மை மாறவில்லை.