கல்லமேட்டு எலும்பு

கிணறு தோண்டுவோர் உடைக்கும் கற்களுக்குள் சிப்பிகள் கிடைப்பதைக் கொண்டு, அந்நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று பதினோராம் நூற்றாண்டிலேயே எழுதியவர் அல்பீரூனி. அத்தகைய கற்சிப்பிகளும் நத்தைகளும் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து ஓடைக்கரைகளில் இன்றும் கிடக்கின்றன. கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்னும் நம் ஊர்ப்பெயர்களே புவியியல் நூல்களில் பாறை அடுக்குகளின் பெயர்களாக வழங்குகின்றன.

இவ்வட்டாரக் கற்களை முறையாக ஆராய்ந்த வரலாறு நெடியது. தென்னிந்தியாவில் திரட்டப்பட்டு இலண்டனுக்குச் சென்றவற்றைக் குறித்து எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் அறிக்கை வெளியிட்டார். 1862-இல் பிளான்ஃபோர்டு பாறை அடுக்குகளை வகுத்துரைத்தார். அடுத்து வந்த ஸ்டோலிக்ஸ்கா, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடாகப் பல தொகுதிகளை எழுதிக் குவித்தார். 1874-இல் லடாக்கில் இறந்தபோது அவருக்கு வயது 36. ஒவ்வொரு கல்லையும் நேரில் பார்த்து வரைந்த படங்கள் அத்தொகுதிகளில் உள்ளன. கற்களும் கொல்கத்தாவில் காக்கப்பட்டன. பின்வந்தோர் அக்கற்களையே எடுத்துப் பார்த்து, அவர் இட்ட பெயர்கள் பலவற்றை மாற்றினர். அவர் பிழைபட்ட இடங்கள் தெரிய வந்ததும் சான்று எஞ்சியிருந்ததனால்தான்.

கல்லமேட்டில் நடந்தது வேறு. யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1987-இல் அங்குக் கிடைத்த எலும்புகளை விவரித்து, 'புருஹத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். பேருடல் கொண்ட பல்லி என்பது பொருள். கால் எலும்பு ஒன்றின் நீளம் மட்டும் இரண்டு மீட்டர். முதலில் ஊன் உண்ணும் இனம் என்றனர். பின்னர் அது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று கருதப்பட்டது. எலும்பே அன்று, கல்லாகிய மரம் என்று ஐயுற்றவரும் உண்டு. ஐயத்தைத் தீர்க்கும் வழி எளிது. எலும்பை எடுத்துப் பார்த்தால் போதும். ஆனால் எலும்பு இல்லை. தோண்டிய இடத்திலேயே நொறுங்கத் தொடங்கிய அது, அலுவலகம் வந்து சேருமுன்பே சிதைந்துபோனது என்ற செய்தி 2017-இல்தான் அச்சேறியது. அதுவரை முப்பது ஆண்டுகள் உலக அறிஞர்கள் சில கோட்டுப்படங்களை வைத்தே வாதிட்டனர்.

செய்தி யார்வழி வந்தது, மூல ஏடு எங்கே என்று கேட்டுப் பழகிய நம் கல்வி மரபினர்க்கு இந்நிலையின் இடர் எளிதில் விளங்கும். 2022-இல் பழைய களப்படங்கள் வெளியிடப்பட்டபோது வாதம் ஓரளவு தெளிந்தது. மறுஆண்டே அவ்விலங்கின் எடை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என ஒரு கட்டுரை மதிப்பிட்டது. நீலத் திமிங்கிலத்துக்கு நிகரான உயிர்! ஆயினும் அக்கணக்கு முழுவதும் இன்று கையில் இல்லாத எலும்பின் அளவைப் பற்றியே நிற்கிறது. படங்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருந்தால் எத்துணை உழைப்பு மிஞ்சியிருக்கும்!

தரவுகளையும் படங்களையும் கட்டுரையோடு சேர்த்தே பொதுவில் வைக்க வேண்டும் என்று இன்று திறந்த அறிவியலார் வற்புறுத்துவது இதனால்தான். வைக்காதபோது வதந்தி அவ்விடத்தை நிரப்புகிறது. 2020-இல் குன்னம் ஏரியில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று ஊரெங்கும் பரப்பினர். அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்று புவியியலார் விளக்க வேண்டியதாயிற்று.

படிப்பதற்கும் தடை இருக்கிறது. ஸ்டோலிக்ஸ்காவின் தொகுதிகளை இன்று இணையத்தில் எவரும் காசின்றிப் படிக்கலாம். அதே பாறைகளைப் பற்றிய அண்மைக் கட்டுரைகள் பலவற்றுக்குக் கட்டணம் உண்டு. 2025 சனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. தனியார் கல்லூரிகள் முதற்கட்டத்தில் அதில் சேரவில்லை. பெரம்பலூர்ப் பிள்ளைகளுள் பெரும்பகுதியினர் பயில்வதோ அத்தகைய கல்லூரிகளில். தம் ஊர்ப்பெயர் தாங்கிய பாறையைப் பற்றிய கட்டுரையை அவர்கள் காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும். அப்பாறைகளுள் சுண்ணாம்புக்கல் அடுக்குகளோ நாள்தோறும் வெட்டப்பட்டு அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன.